அப்பாவின் தலைமாட்டில் ஓடிய ஆட்டம்

அப்பா ஒரு வியாழக்கிழமை காலையில் இறந்தார். தங்கையின் ஆட்டம் வெள்ளிக்கிழமை பின்னேரம். அவள் இருந்ததோ இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய தூரத்து ஊரில்.

பல நாடுகள் கூடி ஓட்டம், நீச்சல், குத்துச்சண்டை என்று எல்லாவற்றிலும் மோதுகிற பெரிய விளையாட்டு விழா அது. அதில் பெண்கள் இரட்டையர் பெட்மின்டனுக்கு இலங்கையிலிருந்து போன இரண்டு பேரில் ஒருத்தி என் தங்கை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். விமானம் ஏறிய முதல் ஆள் அவள்.

அந்த வியாழக்கிழமை அப்பா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கும்போதே, நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன், மகளின் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று கங்காணியிடம் சொல்லியிருக்கிறார். பிறகு மலை ஏறிப் போய்த் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து லொறியில் கிடத்தி, வளைவுகளெல்லாம் இறங்கி, தெல்தெனிய, திகன, குண்டசாலை தாண்டிக் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கண்டியில் நான் வேலை செய்யும் அலுவலகத்திலிருந்து ஓடிப் போனபோது, மாமா ஆஸ்பத்திரி வாசலில் செருப்பில்லாமல் நின்றார். அம்மாவின் அண்ணன். எதற்கும் சத்தமாகப் பேசுகிறவர். அன்றைக்குக் குரல் எழும்பவில்லை.

"மருமவனே, ஒங்கப்பன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாருய்யா" என்றார். அடுத்த மூச்சில், "தங்கச்சிக்கு என்னா சொல்லப் போற?" என்று கேட்டார்.

அதுதான் கேள்வி. அன்றிலிருந்து மறுநாள் பின்னேரம் வரை எங்கள் வீட்டில் வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

அவள் உடனே புறப்பட்டாலும் சனிக்கிழமைக்கு முன் வந்து சேர முடியாது. சனிக்கிழமை பிணம் எடுக்க எங்கள் லயத்தில் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். சனிக்கிழமை எடுத்தால் இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போகும் என்ற பயம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருக்கவும் வழியில்லை. ஆகவே வெள்ளிக்கிழமையே அடக்கம். அப்படியென்றால் அப்பாவின் முகத்தை அவள் போனில் மட்டும்தான் பார்க்கமுடியும். அதையும் ஆட்டத்துக்கு முன் காட்டினால், அவள் எப்படி மட்டையைத் தூக்குவாள்?

அம்மா முடிவு சொன்னாள். "அவ வெளாடி முடிக்கட்டும். முடிச்சவொடனே மொகத்தக் காட்டு. அதுக்கப்பறந்தான் தூக்கணும். அதுவரைக்கும் அவருமேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

தங்கையோடு போயிருந்த பயிற்றுநருக்குப் போனில் பேசினேன். கண்டிக்காரர், சிங்களவர். தம்பி என்ற அர்த்தத்தில் என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிங்களத்தில் சொன்னார்: "ஆட்டத்து அன்றைக்குக் காலையிலேயே பிள்ளைகளின் போனை நான் வாங்கி வைத்துவிடுவேன். முடிந்த கையோடு அவளிடம் கொடுக்கிறேன். மல்லி, நீதான் சொல்லவேண்டும். எனக்கு அது முடியாது."

அன்று பின்னேரம் தங்கை வழக்கம்போல வீட்டுக்குப் போன் எடுத்தாள். அப்பா அப்போது கண்டியில், ஆஸ்பத்திரிப் பிண அறையில் இருந்தார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அப்பா தூங்கிட்டாரு தாயி. காலையில வெள்ளென எந்திரிச்சவருல்ல" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வைத்த பிறகுதான் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

தங்கைக்கு இந்த ஆட்டத்தைத் தொடக்கி வைத்ததே அப்பாதான். ஆட்டத்தின் சட்டதிட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. எங்கோ டவுனில் யாரோ ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பு நட்டு, உரச்சாக்கைக் கிழித்து நடுவில் கட்டினார். எறகுப் பந்து என்பார். அந்தக் களத்தில் காற்று நிற்கவே நிற்காது. பந்து பாதி நேரம் தேயிலைச் செடிக்குள்தான் கிடக்கும். தங்கை அதைத் தேடி எடுத்து எடுத்தே ஓடக் கற்றுக்கொண்டாள் என்று மாமா சொல்வார். பிறகு கண்டியில் பள்ளிக்கூடம், விடுதி, குண்டசாலையில் கூரை போட்ட மண்டபத்தில் பயிற்சி. அங்கேதான் ஜோடியும் கிடைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் ஒருவருடைய மகள். சிறுவயதிலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆடினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவைக் கொண்டுவந்து லயத்து முற்றத்தில் தறப்பாள் பந்தலுக்குக் கீழே கிடத்தினோம். மத்தியானத்துக்குப் பிறகு அந்த ஜோடியின் தகப்பன் வந்தார். பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, முச்சக்கரவண்டி மேலே ஏறமாட்டேன் என்று நின்ற இடத்திலிருந்து நடந்து வந்திருந்தார். வெள்ளைச் சேட்டின் முதுகு முழுக்க வியர்வை. அப்பாவின் காலடியில் பூமாலையை வைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நான் ஒண்டு சொல்லட்டே? என்ர பிள்ளையை நினைச்சு நீங்கள் மறைக்க வேண்டாம். ஜோடி ஆட்டம், ஒராள் விட்டா மற்றவளும் இல்லைதான். அதுக்கு என்ன செய்யிறது? பெத்த தகப்பன். சொல்லுறதெண்டா இப்பவே சொல்லுங்கோ."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காதில் விழுந்தது. "வேணாங்க ஐயா. ரெண்டு புள்ளைங்களும் வெளாடட்டும்" என்றாள்.

அவர் தலை குனிந்தார். யாரோ கதிரை கொண்டுவந்து போட்டார்கள்.

ஆட்டம் எங்கள் பக்கத்து மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். நாலரைக்கு எடுப்பது என்று மாமா ஏற்பாடு செய்திருந்தார். குழி வெட்டுகிறவர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். ஆனால் பெட்மின்டனில் மணிக்கணக்குச் செல்லாது. அதே களத்தில் முன்னால் ஆடுகிறவர்கள் முடித்தால்தான் அடுத்தவர்கள் இறங்கலாம். முன்னால் ஆடிய ஆண்கள் முடிப்பதாகவே இல்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலின் ஓரத்தில், அப்பாவின் தலைமாட்டுப் பக்கமாக நின்றேன். அங்கேதான் சிக்னல் கொஞ்சம் நிற்கும்.

"என்னடா இது, ரெண்டு ஆம்பளைங்க கோழி எறகுக்கு இம்புட்டு நேரமா அடிச்சுக்கிறானுங்க?" என்று மாமா எட்டிப் பார்த்தார். "இவனுங்களுக்கு வீடு வாசல் இல்லியா?"

தப்படிக்கிறவர்கள் நெருப்பில் தப்பு மேளத்தைக் காய்ச்சிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து பனி இறங்கத் தொடங்கியது.

கடைசியாகத் திரையில் தங்கை வந்தாள். சட்டை முதுகில் நாட்டின் பெயர். முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஜோடிப் பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னிடம் கை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் திருப்பி வையி. அவரு பாக்கட்டும். இதுக்குத்தானே லீவு சொன்னாரு."

அப்பாவின் தலைமாட்டில் குத்துவிளக்கும், நெல் நிறைத்த படியும் இருந்தன. போனைப் படியின்மேல் சாய்த்து, அப்பாவின் முகத்தைப் பார்த்தாற்போல் வைத்தேன். நாங்களெல்லோரும் அப்பாவின் இரண்டு பக்கத்திலும் நின்று, அவருக்கு மேலாகக் குனிந்து பார்த்தோம். அழ வந்த பெண்கள், தப்படிக்க வந்தவர்கள், மாமா, அந்தத் தகப்பன், நான்.

எதிரே ஆடியவர்கள் நல்ல உயரமான பெண்கள். நின்ற இடத்திலிருந்தே அறைந்தார்கள். முதல் கேம் சீக்கிரமே போய்விட்டது.

"தோத்துருச்சா?" என்றார் மாமா.

"ஓம், முதல் கேம் போட்டுது" என்றார் அந்தத் தகப்பன். "இன்னொண்டும் தோத்தா முடிஞ்சுது. வெண்டா மூண்டாவதும் ஆடவேணும்."

மாமா வானத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, மருமகளிடம் நேரில் பேசுவதுபோல, "தாயி, வெரசா தோத்துட்டு வந்துரு தாயி. அப்பன் மொகத்தப் பாக்கணும்ல" என்றார்.

ஒருவரும் அவரைக் கண்டிக்கவில்லை. அங்கே நின்ற எல்லோருடைய மனதிலும் இருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரோ, தன் மகள் ஆயுளில் ஒரே ஒரு தடவை ஆடக்கூடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். அவரும் "ஓம்" என்றுதான் சொன்னார்.

ஆனால் அவள் தோற்கவில்லை. இரண்டாவது கேமில் என்ன நடந்ததென்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. அந்த உயரமான பெண்கள் அறைந்த பந்தெல்லாம் திரும்பி வந்தது. தங்கை தரையோடு தரையாக விழுந்து எடுத்தாள். ஜோடிப் பிள்ளை வலைக்குப் பக்கத்தில் நின்று மெல்லத் தட்டிவிட்டாள். பந்து நீளமாகப் போய்வரும்போது அழ வந்த பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். புள்ளி விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள். மூத்த தப்படிக்காரர் என் தோளைத் தட்டி, "தம்பி, இப்ப யாரு முன்னால?" என்று கேட்டார்.

"நம்மதான்" என்றேன்.

"அடி ஆத்தா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அடுத்த நொடியே அப்பாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தக் கேமின் கடைசிப் பந்து எதிராளியின் மட்டைக்கு எட்டாமல் கோட்டில் விழுந்தபோது லயத்து இளவட்டங்கள் கத்திவிட்டார்கள். ஒருவன் விசிலே அடித்தான். அந்தத் தகப்பன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார், இரண்டு கையும் மேலே. பிறகு எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் அடங்கியது. அவர் கையை மெதுவாக இறக்கி, அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கா?" என்றார் மாமா.

"ஓம். மூண்டாவது."

மாமா என்னை இழுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார். பனி லயத்துக் கூரை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. எங்கள் மயானம் கீழே ஆற்றைத் தாண்டி இருக்கிறது. போகிற வழி செங்குத்தான இறக்கம். மழை விழுந்தால் அந்த மண்ணில் வெறும் ஆளே நிற்கமுடியாது.

"மருமவனே, மழ வந்தா பெட்டியத் தூக்கிக்கிட்டு எறங்க முடியாது. இருட்டுனாலும் முடியாது. நாளைக்கு சனி. நீ படிச்சவன், நீயே சொல்லு."

"இன்னும் கொஞ்ச நேரம் மாமா. முடிஞ்சிரும்."

"அந்த வாத்தியாரு நிப்பாரே, அவருக்குப் போன் அடிச்சு நிப்பாட்டச் சொல்லு."

"நடுவுல நிப்பாட்ட முடியாது மாமா."

"எதத்தான்டா நிப்பாட்ட முடியுது" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் பெண்கள் அம்மாவைச் சோடிக்கத் தொடங்கியிருந்தார்கள். புருஷனை எடுக்கும் முன் பெண்சாதிக்குக் கடைசியாக ஒருதரம் தலை நிறையப் பூ வைத்து, பெரிதாகக் குங்குமப்பொட்டு இட்டு, கண்ணாடி வளையல் போட்டு உட்காரவைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கருமாதியன்று எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். மஞ்சள் பூசிய முகத்தோடு அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது குறுக்கே வந்தால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

மூன்றாவது கேம் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் போனது. முதல் துளிகள் தறப்பாளில் விழுந்தன. எல்லோரும் மேலே பார்த்தார்கள். அந்த நேரம் எதிர்ப்பக்கம் பதினொன்றைத் தொட்டது. கடைசிக் கேமில் பதினொன்று வந்ததும் கொஞ்சம் ஓய்வு கொடுத்து, பக்கம் மாறச் சொல்வார்கள். தங்கை தண்ணீர்ப் போத்தலை எடுப்பது தெரிந்தது. பயிற்றுநர் அவர்களை நோக்கி வந்தார்.

அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "தூக்குங்க."

"அம்மா, இன்னும் பத்துப் புள்ளிதான்…"

"அவரு நனையக் கூடாது. தூக்குங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தப்பு ஒரே அடியாக அதிர்ந்தது. அதன் பிறகு எனக்கு ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. மூத்த மகன் நான். தண்ணீர்க் குடம் என் தோளில் ஏறியது. பெட்டிக்கு முன்னால் நடந்தேன். அந்தத் தகப்பனும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்களோடு வந்தார். தன் மகளின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த போனைத் திரும்பியும் பார்க்கவில்லை. இறக்கத்தில் இரண்டு இடத்தில் வழுக்கியது. மாமா, "மெல்ல, மெல்ல, அவருக்கு முதுகு வலி" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. குழியைச் சுற்றி வந்தேன், குடம் உடைந்தது, மண் போட்டோம். மழை அப்போதுதான் நன்றாகப் பிடித்தது.

பிணத்தோடு பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. அம்மா, அப்பா கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, படியின்மேல் சாய்த்த போனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஆற்றில் தலை முழுகிவிட்டு, ஈரத்தோடு லயத்துக்கு ஏறி வரும்போது தூரத்திலேயே சிரிப்போடு ஒரு குரல் கேட்டது. அந்த முற்றத்தில் அன்றைக்கு வேறு ஒருவரும் அப்படிச் சிரித்திருக்க முடியாது.

"அம்மா! ஜெயிச்சிட்டோம்மா! நாங்க ஜெயிச்சிட்டோம்!"

பயிற்றுநர் சொன்னபடி முடிந்த கையோடு போனைக் கொடுத்துவிட்டார். நான் எடுப்பேன் என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார். அம்மாவுக்கு அந்தப் போனில் பச்சையைத் தொட மட்டும் தெரியும். தொட்டிருக்கிறாள்.

"என்னம்மா இது, தல நெறயப் பூவு, வளையல் எல்லாம்? நாங்க ஜெயிச்சதுக்கா? அய்யோ, பொட்டப் பாரு! அடியே, எங்கம்மாவப் பாரேன்!"

ஜோடிப் பிள்ளையும் எட்டிப் பார்த்து, "வடிவா இருக்கிறியள் அன்ரி!" என்றாள். அவளுடைய தகப்பன் என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா எங்கம்மா? பாத்தாரா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. முந்தின நாள் எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"பாத்தாரு தாயி. முக்காவாசி பாத்தாரு."

"ஏன், கரண்ட் போயிருச்சா?"

அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். அப்போதும் தங்கை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என் ஈரத் தலையையும், வெற்று மேலையும், நெற்றித் திருநீற்றையும் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நான் சொல்வதற்கு அதிகம் மிச்சமில்லை.

"மொகத்தக் காட்டு" என்றாள்.

"எடுத்தாச்சும்மா."

"எப்ப?"

"இப்பத்தான். மழ வந்துருச்சு."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா தோத்துட்டு வந்திருப்பேனே" என்றாள். அவள் கத்தவில்லை. ஜோடிப் பிள்ளையின் கை அவள் தோளில் வந்து விழுந்தது. பிறகு திரை கூரைப் பக்கம் திரும்பிவிட்டது. பெரிய விளக்குகள் மட்டும் தெரிந்தன.

அடுத்த ஆட்டத்தையும் அவள் ஆடினாள். ஜோடிப் பிள்ளை வேண்டாம், போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். இவள்தான், உங்கப்பா எங்கப்பாவுக்கு மண்ணு போட்டாராம், வா ஆடுவோம் என்று கூட்டிப் போயிருக்கிறாள். தோற்றார்கள். சீக்கிரமே தோற்றார்கள்.

கருமாதிக்கு முன் வந்து சேர்ந்தாள். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கையைப் பிடித்து அழுவதா, நல்லா வெளாண்டே என்று சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

அவள் வந்த மறுநாள் காலையில் நானும் அவளும் மயானத்துக்குப் போனோம். மண் இன்னும் இறுகவில்லை. போட்ட மாலைகள் அழுகிப்போய்க் கிடந்தன. அவள் குந்தி உட்கார்ந்து, அழுகிய பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தனைக்கு எத்தன இருக்கும்போது தூக்குனீங்க?"

சொல்லவேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் விடமாட்டாள் என்றும் தெரியும்.

"கடைசி கேமுல. அவுங்க பதினொண்ணு எடுத்து, பக்கம் மாறுறப்போ."

அவள் பூப் பொறுக்குவதை நிறுத்தினாள்.

"அப்ப கோச் சார் ஏதோ சொல்ல வந்தாரு. சொல்லாம எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே நின்னாரு. சொல்ல வந்தத மறந்துட்டாருன்னு நெனச்சு நான் அவரக் கேலி பண்ணேன்." கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். "சத்தமாச் சிரிச்சேன்ணே. அந்த நேரத்துல."